அத்தை சொல்லாமல் விட்ட வரி

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மனைவி ஐயரம்மா. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எங்கள் தெரு தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் சோம்பிக் கிடந்த ஒரு நவம்பர் மாத சாயங்காலம், என் அத்தை கழுவிய தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பா முன்னால் வந்து நின்று, தான் ஐயருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

அப்பா, "பொம்பளைய என்னன்னு கூப்பிடுவாக?" என்று கேட்டார். அவருக்கு முதலில் தோன்றிய சந்தேகம் அதுதான். அம்மா, "படிப்பு எம்புட்டு வருசம்?" என்றாள். "நாலு வருசம் மதினி. அங்கனயே தங்கணும்" என்றாள் அத்தை. எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா இறந்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லை. திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் காலண்டர்த் தலைப்பில் தகரப் பட்டை அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் நாரணாபுரம் பக்கம் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். ஆகவே எனக்குத் தலை சீவுவது, ரெட்டைச் சடை போடுவது, வாய்ப்பாடு கேட்பது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பது எல்லாம் அத்தைதான். நான் உறங்குவது அவள் பாயில். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்காருவது அவள் பக்கத்தில். அவள் நாலு வருஷம் இல்லாமல் போவது என்பது என் கணக்கில் இன்னொரு சாவு மாதிரி.

மாமா இறந்த விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெடிமருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாமா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அன்றைக்கு உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் மாமா. வெடித்தபோது ஒருவரும் வெளியே வரவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் போர்மேன், 'அவராகத்தான் உள்ளே போனார், நான் போகச் சொல்லவில்லை' என்று சொன்னார். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அதுவே நடந்ததாக ஆயிற்று. மாமா அவசரப்பட்டார், அவரால் மற்ற நாலு பேரும் போனார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. துஷ்டி கேட்க வந்தவர்களில் சிலர் அத்தையின் கையைப் பிடித்தபடியே அதைச் சொன்னார்கள். அத்தை அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

அந்தப் போர்மேன் எங்கள் சபைதான். ஞாயிறுதோறும் வருவார். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து தொடங்குமுன் எழுந்து போய்விடுவார். விபத்துக்குப் பிறகு பட்டாசு வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் அவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெரியவர்களில் பலர் பேசிக்கொள்வதில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாலு வாரக் காத்திருப்புக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு வந்தது. பீடத்தில் ஊதா விரிப்புப் போட்டார்கள். நாலு மெழுகுவர்த்தி வைத்த வளையத்தில் ஒன்றை மட்டும் ஏற்றினார்கள். அன்று ஐயர் பிரசங்கத்தை முடித்துவிட்டு அத்தையின் விஷயத்தைச் சபைக்கு முன் வைத்தார். அவர் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, சத்தம் போடாத குரல். அவர் பேசினால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் பின் பெஞ்சுக்காரர்கள் சைகை காட்டுவார்கள். அழைப்பு என்பது ஒருத்தர் காதில் மட்டும் விழுந்தால் போதாது, சபையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றார். இந்த நாலு வாரமும் எல்லோரும் ஜெபம் பண்ணுங்கள், இந்தச் சகோதரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதையோ தயக்கத்தையோ எழுதி விண்ணப்பப் பெட்டியில் போடுங்கள், பெயர் எழுத வேண்டாம், சிறுவர்களும் எழுதலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் தற்செயலாக என்னைப் பார்த்தார். அது எனக்கே இட்ட கட்டளை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தெருவில் அந்த வாரமெல்லாம் இதே பேச்சு. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "அவ அழுகையெல்லாம் உள்ளுக்குள்ள வச்சிருக்கா, அதத்தான் அழைப்புன்னு நெனச்சுக்கிட்டா" என்றாள். இன்னொருத்தி, "எம் மக டைபாயிடுல கெடந்தப்ப மூணு நாளு வந்து உக்காந்திருந்தா. அவ கையால அப்பம் வாங்க நான் ரெடி" என்றாள். சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், பெண் பீடத்தில் நிற்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் வேறு ஊர்ப் பீடத்தில் நிற்கட்டும் என்றாராம்.

எனக்கு எழுத ஒரு விஷயம் இருந்தது. அது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

கோயிலில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மூடியதில்லை. பெஞ்சில் அத்தையை ஒட்டி நிற்கும் என் உயரத்துக்கு நிமிர்ந்தால் தெரிவது அவளுடைய தாடையும் வாயும்தான். அந்த வாய் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் இடத்தில் நின்றுவிடும். பிறர் குற்றங்களை நாம் மன்னிப்பதைப் பற்றிய வரி வரும்போது உதடு மூடிக்கொள்ளும். அந்த வரி போனதும் மறுபடி திறந்து சபையோடு சேர்ந்துகொள்ளும். அவளுக்கு அந்த வரி மனப்பாடமாகவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கும் ஏழாம் வாய்ப்பாட்டில் அப்படி ஓர் இடம் இருந்தது.

அச்சாபீசில் கழித்துப் போடும் காலண்டர்த் தாள்களை அத்தை எனக்குக் கணக்குப் போடக் கொண்டுவருவாள். அதில் ஒன்றின் பின்பக்கத்தில், பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பத்தின் தோரணையில் எழுதினேன். 'ஐயா அவர்களுக்கு, என் அத்தை பரமண்டல ஜெபத்தில் மன்னிக்கிற வரியை மட்டும் சொல்வதில்லை. எனவே அவர்களைப் படிக்க அனுப்ப வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் எழுதவில்லை. 'என் அத்தை' என்று எழுதியது மட்டும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தபோது அதைப் பெட்டியில் போட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஐயர் சைக்கிளில் வந்தார். அப்பாவும் அம்மாவும் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அத்தை முன்னறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐயர் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, காலண்டர் ஆர்டர் எப்படி என்று விசாரித்தார். பிறகு, "பெட்டியில வந்ததெல்லாம் வாசிச்சேம்மா. நல்லபடியாத்தான் நெறைய எழுதியிருக்காங்க. ஒண்ணப் பத்தி மட்டும் உங்ககிட்டக் கேக்கணும். கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்கய்யா."

"பரமண்டல ஜெபத்துல ஒரு வரிய நீங்க விட்டுர்றதா எழுதியிருக்கு."

அத்தையின் கையிலிருந்த பூண்டு அப்படியே நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஐயரும் திரும்பவில்லை. நான் அட்டையின் ஓரத்தை மடிப்பதில் முழுகிப்போனேன்.

"நெசந்தான்" என்றாள் அத்தை.

"எம்புட்டு நாளா?"

"அவுக போனதுலருந்து. வேணும்னு விடல ஐயா. அந்த எடம் வந்தா வாயி தொறக்க மாட்டேங்கு. தொறந்தா பொய்யி சொல்ற மாதிரி இருக்கு."

ஐயர் தலையை ஆட்டினார். "நான் உங்களை மாதிரி நிறுத்தினதில்லம்மா. சில வருசம் பொய்யாவே சொல்லியிருக்கேன். அங்கி போட்டுக்கிட்டுச் சொல்லியிருக்கேன்."

வெளியே யாரோ நட்சத்திரம் கட்டக் கயிறு கேட்டு எதிர்வீட்டு வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை பூண்டுத் தோலைக் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அப்ப எனக்குச் சிபாரிசு லெட்டர் குடுக்க மாட்டீகளா?"

"குடுக்கறது எனக்குச் சிரமமில்ல. நீங்க கேட்டா நாளைக்கே எழுதித் தாரேன். ஆனா ஒரு எடத்துக்குப் போறதும் ஒரு எடத்த விட்டுப் போறதும் வெளியிலருந்து பாத்தா ஒண்ணு போலத்தான் தெரியும். இதுல எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நாலாம் ஞாயிறு வரைக்கும் நாள் இருக்கு."

அவர் போன பிறகு அத்தை என்னைத் திட்டவில்லை. பூண்டு முழுவதையும் உரித்து முடித்தாள். எப்போதும்போல எனக்குச் சடையைப் பிரித்துவிட்டாள். திட்டாதது எனக்குத் திட்டைவிடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அச்சாபீசில் மத்தியானம்வரைதான் வேலை. அத்தை வந்து முகம் கழுவி, கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, "வா, ஒரு எடத்துக்குப் போயிட்டு வருவோம்" என்று என் கையைப் பிடித்தாள். ரயில்வே கேட் தாண்டி நடந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, அத நாந்தான் எழுதிப் போட்டேன்" என்றேன்.

"தெரியும். வேற யாரு என் வாயவே பாத்துக்கிட்டு நிப்பா?"

நான் அழ ஆரம்பித்தேன். "அழுகாத. நெசத்ததான எழுதியிருக்க" என்று சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள். அந்தத் துடைப்பு கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது.

நாங்கள் போய் நின்றது போர்மேன் வீட்டு வாசலில். அவருடைய மனைவி ஆட்டுக்கு அகத்திக் கீரைக் கட்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அத்தையைக் கண்டதும் அவர் கையிலிருந்து கட்டு நழுவியது. "வாங்க, உள்ள வாங்க" என்றார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த போர்மேன் எழுந்து சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாறி விழுந்திருந்தது.

அத்தை உட்காரவில்லை. "சண்டைக்கு வரல அண்ணாச்சி. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உங்க வாயால கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார். "சொல்லிருங்க. ரெண்டு வருசமா இந்த வீட்டுல சோறு சோறா எறங்கல."

"லோடு ஏத்த வண்டி வந்து நின்னுச்சு" என்று அவர் ஆரம்பித்தார். "ஆபீசுலருந்து போன் மேல போன். உள்ள நாலு பேரு இருந்தாக. உங்க வீட்டுக்காரர உள்ள போகச் சொன்னேன். அவரு வாசல்ல நின்னு, 'நாலு பேரு இருக்காக அண்ணாச்சி, ஒருத்தர் வெளிய வரட்டும், நான் போறேன்'னாரு. அஞ்சு நிமிச வேலதான, போங்கன்னேன். ரெண்டாந்தடவையும் அதையே சொன்னாரு. நான் சத்தம் போட்டேன். அதுக்குப் பொறகுதான் போனாரு."

"ரெண்டு தடவ சொன்னாகளா?" என்று கேட்டாள் அத்தை.

"ரெண்டு தடவ."

"ஒருத்தர் வெளிய வரட்டும்னா சொன்னாக?"

"ஆமா."

"ரெண்டு தடவயும்?"

"ரெண்டு தடவயுந்தான்."

அத்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்தப் பதிலை இன்னும் சில முறைகூடக் கேட்டுக்கொண்டிருப்பாள் போல இருந்தது.

"ஆபீசருமாரு கேட்டப்ப பயந்துட்டேன்" என்றார் அவர். "அவராத்தான் போனாருன்னு சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்னப்புறம் மாத்திச் சொல்லத் தைரியம் வரல. என்ன மன்னிச்சிருங்கம்மா."

கைகூப்பிக்கொண்டு நின்ற அவருக்கு வயது அப்பாவைவிட அதிகம். பெரியவர் ஒருவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தை 'சரி' என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"அது இன்னைக்கு என்னால முடியாது அண்ணாச்சி" என்றாள் அத்தை. "வாய்க்கு மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாதுன்னு பாக்கேன்."

அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். அத்தை தானே கை நீட்டி வாங்கி, முழுச் செம்பையும் குடித்தாள். வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் மூன்றாம் ஞாயிறு. அவள் கோயிலுக்கு வரவில்லை. அது எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. ஐயர் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

நாலாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டதில் பின் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஐயர் அத்தையைப் பேச அழைத்தார். அத்தை இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். "அழைப்பு இல்லன்னு சொல்லல. இருக்குன்னுதான் நெனைக்கேன். ஆனா இப்பப் போனா ஓடிப்போனவளாப் போவேன். இந்த வருசம் போகல" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. என் தாள் ஜெயித்துவிட்டது.

அந்த நேரத்தில் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். போர்மேன் எழுந்து நின்றார். எழுதி வைத்திருந்த காகிதத்தை விரித்தார். ஆனால் அதைப் பார்க்காமலே பேசினார். அவர் வீட்டில் சொன்னதையே மறுபடி சொன்னார். வண்டி வந்தது, நாலு பேர் உள்ளே இருந்தது, மாமா இரண்டு தடவை மறுத்தது, தான் சத்தம் போட்டது, பிறகு பொய் சொன்னது. "அவரு மேல ஒரு தப்பும் இல்ல. செத்த அஞ்சு பேருல யாரு மேலயும் இல்ல. என் மேலதான்" என்று முடித்தார். முன் பெஞ்சில் அப்பா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். துஷ்டி வீட்டில் அத்தையின் கையைப் பிடித்துப் பேசிய ஒரு பாட்டியம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் ஐயரையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் இதையே அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார். அதனால் அவருக்கு வந்த அலைச்சல்கள் பல. ஒன்றுக்கும் அவர் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. அத்தை மூன்று வருஷம் கழித்துப் படிக்கப் போனாள். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பஸ் ஏற்றிவிடப் போனபோது அவள் பெட்டியைத் தூக்கியது நான்தான். அந்த மூன்று வருஷத்தில் எந்த ஞாயிறு அவள் அந்த வரியை மறுபடி சொல்ல ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் வளர்ந்து, கண்ணை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த நாலாம் ஞாயிறுக்கே திரும்பி வருகிறேன். போர்மேன் பேசி முடித்ததும் ஐயர் திருவிருந்தைத் தொடங்கினார். அன்று போர்மேன் எழுந்து வெளியே போகவில்லை. வரிசையாக எல்லோரும் பீடத்துக்குப் போனார்கள். அவரும் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பீடத்துக் கிராதி முன்னால் முழங்காலில் நின்று, இரண்டு கையையும் ஏந்தினார். ஐயர் அந்தக் கைகளில் அப்பத்தை வைத்தார். அம்மா போனாள், அப்பா போனார். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. அப்பம் வாங்க உரிமை தரும் திடப்படுத்தல் எடுக்காத என்னைப் போன்ற சிறுபிள்ளைகள் மட்டும் அங்கங்கே மிச்சமிருந்தோம்.

அத்தை எழுந்திருக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, கிராதியின் முன்னால் குனிந்திருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் செய்தவர் அங்கே வாங்கிக்கொண்டிருக்க, இவள் ஏன் இங்கே வெறுங்கையோடு இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. தனியாக உட்கார்ந்திருக்கும் எனக்குத் துணையாகத்தான் அவள் போகாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்து, மிகுந்த மகிழ்ச்சியோடு அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.